ஆறாவது மாடி வாசனை

எந்தத் துணியையும் முகர்ந்து பார்க்காமல் அவர் இஸ்திரிப் பெட்டி வைக்க மாட்டார். அதனால்தான் அந்தக் கட்டடத்தில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர் வந்தது. வைத்தவர் இரண்டாம் மாடி டீச்சர். யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. இஸ்திரிக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். வியர்வையோடு வந்த சட்டையில் சூடு பட்டால் அந்த நாற்றம் நூலுக்குள் போய்க் குடியேறிவிடும், அப்புறம் பத்துத் தண்ணீர் கண்டாலும் கிளம்பாது. ஆகவே கழுத்துப்பட்டையில் ஒரு முறை, கைமடிப்பில் ஒரு முறை, அக்குளில் ஒரு முறை. மூன்றிலும் சுத்தம் என்று மூக்கு சொன்னால்தான் துணி மேசைக்கு வரும். இல்லையென்றால், "இது ஒரு தடவை அலசணும்மா, கோச்சுக்காதீங்க" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்த மூக்குக்குத் தெரியாத ரகசியம் அந்த எட்டு மாடியில் இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னவர் யார், விடாதவர் யார், எந்த வீட்டில் மாமியார் வந்து தங்கியிருக்கிறார், யார் வேலை போனதைச் சொல்லாமல் தினமும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறார், எல்லாம் துணி சொல்லிவிடும். அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கட்டடத்தில் பாதிக் குடித்தனம் நின்றிருக்காது. முப்பது வருடத்தில் ஒரு சொல் வெளியே போனதில்லை. அப்படிப்பட்ட மனிதர் சொந்த மகள் விஷயத்தில் வாயைத் திறந்தார். திறந்தாரே ஒரு திறப்பு, அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடை என்று பெயர்தான். மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. நடுவில் ஆள்நீளப் பலகை மேசை. அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிக்கு மேல் வெள்ளைத் துணி. வெள்ளைத் துணி வாராவாரம் துவைக்கப் போகும், கம்பளி அப்படியே கிடக்கும். மின்விசிறியைக் காலுக்குத்தான் திருப்பி வைத்திருப்பார், மேலே திருப்பினால் துணி ஆறிவிடும். சுவரோரக் கம்பியில் சட்டைகள் மாடிவாரியாகத் தொங்கும்.

காலையில் முதல் வேலை மகளுடைய கோட்டு. மகளுக்கு இருபத்து மூன்று வயது. நாலு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு. இவர் ஏழு மணிக்கு அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். எட்டேகாலுக்கு அவள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் வந்து, சூடு ஆறாத கோட்டை மாட்டிக்கொண்டு, "ஆஹா, அடுப்புலேர்ந்து எடுத்த பன்னு மாதிரி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு நாளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அது அவருக்குப் போதும்.

ஆறாவது மாடியில் இருப்பவர் ஒரு வக்கீல். தனி ஆள். மனைவி வேறு ஊரில் இருக்கிறார், அது அவர்கள் பாடு. ஐம்பதைத் தாண்டியும் தலைக்கு மை, கைக்குத் தங்கக் கடிகாரம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, கறுப்புக் கோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள்ளேயே வாசனைக் குப்பி உடைந்து பாதிக் குப்பி கோட்டில் இறங்கிவிட்டதாம். மறுநாள் அவருக்கு வழக்கு.

"இத இப்படியே போட்டுட்டுப் போனா நீதிபதி என் வாதத்தைக் கேக்க மாட்டார், தும்மிக்கிட்டே இருப்பார். ஏதாவது பண்ணுங்க" என்றார்.

பையைப் பிரித்ததுதான் தாமதம். முதலில் மிளகு வந்து மூக்கின் நுனியில் சுருக்கென்று குத்தியது. அதற்குப் பின்னாலேயே பட்டை, கிராம்பு. கொஞ்சம் பொறுத்ததும், மரப்பிசினை நெருப்பில் போட்டதுபோல ஒரு புகை, அதற்கும் அடியில் புதுத் தோல் வாசனை. இஸ்திரிக்காரர் அசந்துபோனார்.

"என்ன சார் இது? மளிகைக் கடையையே கோட்டுக்குள்ள கொட்டின மாதிரி இருக்கு?"

"மளிகைக் கடையா!" வக்கீலுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "இது என்ன விலை தெரியுமா உங்களுக்கு? இந்தக் கடையோட மூணு மாச வாடகை. ஒரு குப்பி! கைல தண்ணி மாதிரி ஊத்திக்கற சரக்கு இல்லைங்க இது. இந்த ஊர்ல என் ஒருத்தன்கிட்டதான் இருக்கு, வேணும்னா எழுதி வெச்சுக்குங்க."

மூன்று மாத வாடகை என்றதும் இஸ்திரிக்காரருக்கு வாய் பிளந்தது. ஸ்டீம் பெட்டியை முழுச் சூட்டில் வைத்து, கோட்டை மேசையில் விரித்து, ஆவியை அடித்து அடித்து வாசனையைக் கிளப்பிக்கொண்டே இருந்தார். வக்கீல் முக்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். மலிவான வாசனை பட்டவுடனே கத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் செத்துவிடுமாம். நல்ல வாசனை அமைதியாக இருந்து, சூடு ஏற ஏறத்தான் பேசுமாம். துணியில் பட்டால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். "விலையே அதுக்குத்தான்" என்றார். இரண்டு மணி நேரம் ஆவி குடித்த பிறகு கோட்டு ஒருவழியாக மனிதர் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தது. வக்கீல் தாராளமாகவே கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் அந்த விலையைச் சொல்லிச் சொல்லி இவர் மாய்ந்துபோனார். மனைவி, "அதுக்கு நாலு நாற்காலி வாங்கலாம்" என்று சொல்லித் தையல் மெஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

பிறகு அந்த வாசனை வக்கீலின் சட்டைகளோடு வாராவாரம் கடைக்கு வந்து கம்பியில் தொங்கியது. நாலு நாளில் மூக்கு அதற்குப் பழகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை கட்டடத்தில் கரண்ட் வேலை, கடைக்கு விடுமுறை. அன்று நாள் முழுக்க அவர் வீட்டில் இருந்தார், குழாயைச் சரிசெய்தார், பகலில் ஒரு தூக்கம் போட்டார். இரவு ஏழேகாலுக்கு மகள் வேலையிலிருந்து வந்து, முந்தின சாயங்காலமே அவர் தேய்த்துவைத்திருந்த கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். இவர் டீ டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தார். மிளகு.

 நின்றார். பிரமையாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்தார். கழுத்துப்பட்டையில் ஒரு முறை, கைமடிப்பில் ஒரு முறை. பட்டை, கிராம்பு, பிசின் புகை, புதுத் தோல். ஒன்று பாக்கியில்லாமல் வரிசையாக வந்து நின்றன.

"என்னப்பா, லீவு நாள்லயும் மோப்பமா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மகள் சிரித்தாள். "அழுக்கா இருக்கா?"

"இல்லம்மா. சும்மா."

கேட்டிருக்கலாம். 'இது என்ன வாசனைம்மா?' மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தையைக் கேட்க அந்த மனிதருக்கு நாக்கு வரவில்லை பாருங்கள். ஊரார் துணியைப் பார்த்து ஊரார் கதையை உள்ளேயே வைத்துப் பூட்டிப் பழகியவர். இதையும் பூட்டிக்கொண்டார். ஆனால் ஊரார் கதை உள்ளே சும்மா கிடக்கும், சொந்தக் கதை கிடக்குமா? 

மறுநாள் காலையில் கோட்டைத் தேய்க்கும்முன் மறுபடி முகர்ந்து பார்த்தார். கடைக்குள் ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வக்கீலின் ஏழு சட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. வழக்கம்போலக் கோட்டுப் பையைத் துழாவினார். பையைத் துழாவாமல் பெட்டி வைத்தால் பேனா உருகிக் கோட்டு நாசமாகும். மருத்துவமனை அட்டை ஒன்று கையில் வந்தது. 'மாலை 6.30 வரை' என்று அச்சிட்டிருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். இன்றைக்குத்தான் படித்தார். செவ்வாயும் வெள்ளியும் மகள் எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள். கேட்டால் "வேலைப்பா" என்கிறாள். ஆறரைக்கு மூடுகிற இடத்தில் எட்டு மணி வரை என்ன வேலை? பஸ்ஸில் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரைமணி.

எட்டேகாலுக்கு அவள் வந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பன்னு என்று என்னவோ சொன்னாள். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் எட்டரைக்குத்தான் வந்தாள்.

சனிக்கிழமை வக்கீலின் சட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஏறினார். வழக்கமாக வக்கீல்தான் போகிற போக்கில் கீழே வந்து வாங்கிக்கொள்வார். கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து விழுந்தது. வக்கீல் பனியனோடு நின்று பல்லைக் காட்டினார்.

"அட, நீங்களே வந்துட்டீங்களா? சொல்லணும்னு நெனச்சேன். உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரியாச்சே! நேத்துப் பல்லு அடைக்கப் போயிருந்தேன். அது உங்க பொண்ணுன்னு பேச்சுக் குடுத்தப்பதான் தெரிஞ்சுது. சிரிச்ச முகம். வெகு நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

"அப்படிங்களா" என்றார் இஸ்திரிக்காரர்.  சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். நேற்று. வெள்ளிக்கிழமை. இதைப் பற்றி மகள் வீட்டில் மூச்சு விடவில்லையே. உண்மையைச் சொன்னால், ஒரு நாளில் நாற்பது பேர் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிற இடத்தில் வேலை பார்ப்பவள், ஒவ்வொருவரையும் பற்றியா வீட்டில் வந்து சொல்வாள்? ஆனால் சந்தேகம் பிடித்த புத்திக்கு இதெல்லாம் ஏறாது.

அன்று மத்தியானம் வக்கீலின் அடுத்த சட்டையில் கழுத்துப்பட்டை தீய்ந்தது. முப்பது வருடத்தில் முதல் தீய்ச்சல். பழுப்பு நிறத்தில் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. எதிரே துணி கொடுக்க வந்திருந்த அம்மா "ஐயையோ" என்றாள். இவருக்கு வருத்தம் வரவில்லை. அதுதான் அவரையே பயமுறுத்தியது.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் ஒண்ணும் இல்லயே" என்றாள். மகள் மாத்திரை வாங்கி வந்தாள். மாத்திரை கொடுத்த கையிலும் அந்த மணம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. அவளைச் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. அடுத்த நிமிடமே வக்கீலின் மை பூசிய தலை நினைவுக்கு வந்து பல்லைக் கடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே கடையைப் பூட்டினார். "என்ன அண்ணா, அதிசயமா இருக்கு?" என்று டீச்சர் படியிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினார்.

மருத்துவமனை தெருமுனையில், மருந்துக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. ஆறே முக்கால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே ஒரே ஒரு விளக்கு. இவர் குனிந்து பார்த்தார். நோயாளிகள் உட்காரும் நீள இருக்கையில் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் இனிமேல்தான் வரப்போகிறான் என்று இவராகவே முடிவுகட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தார்.

சத்தம் கேட்டு அவள் பதறி எழுந்தாள். "அப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. யாருக்காக உக்காந்திருக்க?"

"யாருக்காகவும் இல்லயே. சும்மாதான்."

"வாரத்துல ரெண்டு நாள் சும்மாவா? கதவ மூடின இடத்துல, விளக்க அணைச்சிட்டு, சும்மாவா?"

"என்னப்பா பேசறீங்க?"

"உன் கோட்டுல அந்த ஆறாவது மாடிக்காரன் வாசனை அடிக்குது. இந்த ஊர்ல அது அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. முப்பது வருஷ மூக்கு இது, பொய் சொல்லாது."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். அப்பா ஏதோ விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள், பாவம். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிறுக்காக்கியது. ஐந்து நாள் அடக்கி வைத்தது மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது.

"சிரிக்காத. அந்தக் குப்பி என்ன விலைன்னு எனக்குத் தெரியும். உனக்கு அவன் என்ன விலை போட்டான்? அதச் சொல்லு!"

உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். அவர் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மகள் அப்பாவைப் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை இவர் எந்தத் துணியிலும் கண்டதில்லை. குனிந்து செருப்பு வாரைப் போட முயன்றாள். வார் கொக்கியில் மாட்டவில்லை. மாட்டாமலேயே நிமிர்ந்தாள்.

"டாக்டர், நாளைக்கு நான் சீக்கிரமே வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷட்டருக்கு அடியில் புகுந்து போய்விட்டாள்.

இவர் பின்னாலேயே ஓடினார். தெருமுனைக்குப் போவதற்குள் அவள் எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டில் மனைவி கையில் போனோடு நின்றிருந்தாள். தோழியின் விடுதியில் தங்கிக்கொள்வதாக மகள் சொல்லிவிட்டாளாம். ஏன் என்று சொல்லவில்லை. "அப்பாகிட்ட கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டாள்.

"என்ன பண்ணீங்க அவள?"

இவர் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியாகக் கேட்ட கேள்வியையும் சொன்னார். மனைவி போனைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். பிறகு பேசினாள்.

"வாயா அது? பெத்த பொண்ண பாத்துக் கேக்கற கேள்வியா அது? செவ்வாயும் வெள்ளியும் அங்க ஒரு மணி நேரம் கண்ண மூடி உக்காந்துட்டு வாடின்னு சொன்னதே நான்தான். காலைலேர்ந்து பல்வலிக்காரங்க கத்தறதக் கேக்கறா. வீட்டுக்கு வந்தா என் மெஷின் கடகடன்னு ஓடுது, நீங்க நியூஸ அலற விடறீங்க. ரெண்டு நாளாவது சத்தம் இல்லாம இருக்கணும்மான்னு கேட்டா. அந்த டாக்டரம்மாவே அவ கையில சாவியக் குடுத்து வெச்சிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இல்ல, அவகிட்டயாவது கேட்டீங்களா?"

"சரி, அப்ப அந்த வாசனை?" என்றார் அந்த மனிதர். அப்போதும் விடவில்லை.

"வாசனையும் மண்ணாங்கட்டியும்!" என்று சொல்லிவிட்டு மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் தோளில் போட்டுக்கொள்ளக் கோட்டு இல்லை. வெறும் தோளோடு கடைக்கு வந்து, பெட்டியைச் சூடேற்றி, எதைத் தேய்ப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். எட்டு மணிக்கு டீச்சர் வந்தார். வந்த வேகத்தில் ஒரு துணிப்பையை மேசையில் தொப்பென்று போட்டார்.

"அண்ணா, நியாயம் கேக்க வந்திருக்கேன். இந்தச் சட்டைய மோந்து பாருங்க."

இவர் முகர்ந்தார். கடைக்குள் எப்போதும் இருக்கிற வாசனைதான்.

"இங்க வேண்டாம். வெளிய வாங்க" என்று டீச்சர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு இழுத்துப்போனார். காலைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதில் வைத்து முகர்ந்ததும் இவருக்குத் தலை சுற்றியது. மிளகு, பட்டை, கிராம்பு, பிசின் புகை.

"என் வீட்டுக்காரர் சட்டை. நாலு நாளா வீட்ல ஒரே யுத்தம். எவ மேல அடிக்குது இந்த வாசனைன்னு கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கறார். எங்க மாமியார் மேல சத்தியம் பண்றார். மாமியார் மேல பண்ணா எனக்கென்ன நஷ்டம், நான் ஏன் நம்பப்போறேன்? சோறு கூடப் போடல அந்த மனுஷனுக்கு. இன்னிக்குக் காலைல இத எடுத்தேன்." டீச்சர் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னச் சீருடைக் கவுனை இழுத்தார். "என் பொண்ணோடது. ஒண்ணாங் கிளாஸ். இதுலயும் அதே வாசனை! இப்ப சொல்லுங்க, இவ எவனோட சுத்திட்டு வரா?"

இஸ்திரிக்காரர் கவுனைக் கையில் வாங்கி ஒரு முறை முகர்ந்தார். கடைக்குள் போனார். மேசையின் வெள்ளைத் துணியை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். கம்பளியின் மேல் பெட்டியை வைத்து, ஆவிப் பொத்தானை அழுத்தினார்.

வக்கீல் அன்றைக்குப் பையைப் பிரித்ததுபோலவே இருந்தது. வாசனை கிளம்பி வந்து பொந்து முழுக்க நிறைந்தது.

ஒரு துணியிலிருந்து கறையையோ வாடையையோ ஆவி அடித்து இறக்கும்போது அதற்கு அடியில் ஒரு பழைய துண்டை விரிக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்ளும் விஷயம் இது. மேலே கிளம்புவது பாதி என்றால் கீழே இறங்குவது பாதி. அன்று மூன்று மாத வாடகை என்று கேட்டு வாயைப் பிளந்தவர், துண்டை மறந்துவிட்டார். பாதிக் குப்பியில் பாதி கம்பளிக்குப் போய்விட்டது. அப்புறம் பெட்டி சூடாகும்போதெல்லாம் அது எழுந்து வந்து மேலே கிடக்கும் துணிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. காலையில் முதல் துணிக்குத்தான் அதில் பெரும்பங்கு. முதல் துணி மகளுடைய கோட்டு. மூன்று வாரமாகத் தன் கையாலேயே அவளுக்கு அந்த வாசனையைப் பூசி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நாளெல்லாம் அதிலேயே நின்ற மூக்குக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் வீட்டில் ஓய்வாக இருந்ததும் தெரிந்துவிட்டது.

"கம்பளியா!" டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்களா நீங்க! இப்ப நான் அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீங்க சமாதானம் பண்ணிக்கலாம் டீச்சர்" என்றார். "அவர் வீட்டவிட்டுப் போகலயே." சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, பெண்கள் அழுவதுபோல முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. கவுனையும் சட்டையையும் மெல்ல எடுத்துக்கொண்டு, பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு அவர் கத்தரிக்கோலால் கம்பளியில் ஒரு சாண் வெட்டினார். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார். சாட்சி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் பஸ் ஏறினார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மருத்துவமனையில் ஐந்தாறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மகள் இருந்தாள். இவரைக் கண்டதும் கத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "ரெண்டு நிமிஷம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்துக் கடை ஓரமாக நின்றாள்.

இவர் கவரை அவிழ்த்து நீட்டினார். "இத மோந்து பாரும்மா."

அவள் வாங்கி முகர்ந்தாள். "ஆமா. இதுதான். என் கோட்டுல இருக்கறது."

மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். வக்கீலின் கோட்டு, ஆவி, கம்பளி, டீச்சர் வீட்டுச் சண்டை, ஒன்றாங் கிளாஸ் கவுன். கவுனைப் பற்றிச் சொல்லும்போது அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"தப்பு என்மேலதான்மா" என்றார். "துண்டு போட மறந்துட்டேன். முப்பது வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல. அன்னிக்கு மறந்துட்டேன். மன்னிச்சிடும்மா."

"துண்டு போடாததுக்கா மன்னிப்புக் கேக்க வந்தீங்க?"

அவருக்குப் புரியவில்லை. அவள் கவரை மறுபடி முடிச்சுப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வாசனை கம்பளிலேர்ந்து வந்துச்சு. சரிப்பா, நம்பறேன். நான் அப்படிப்பட்ட பொண்ணுன்னு உங்களுக்குத் தோணுச்சே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. இவர் வாயைத் திறந்தார். மூக்கு என்று சொல்ல வந்தார், வக்கீல் என்று சொல்ல வந்தார், அட்டையில் போட்டிருந்த ஆறரை மணி என்று சொல்ல வந்தார். எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"தெரியலம்மா" என்றார்.

"இருபத்து மூணு வருஷமா என்னப் பாக்கறீங்க." அவள் குரல் ஒரு கணம் உடைந்து, பிறகு சரியாகிவிட்டது. "யோசிங்க. பதில் கிடைச்சதும் வந்து சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சொல்லுங்க. அன்னிக்கு நான் வீட்டுக்கு வரேன்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவு தானாக மெதுவாக மூடியது. அது மூடுவதற்குள், "அடுத்தவங்க யாருங்க? உள்ள போங்க" என்று அவள் நோயாளியைக் கூப்பிடுவது இவருக்குக் கேட்டது. எல்லோரிடமும் பேசுகிற அந்தப் பணிவான குரல்தான். தன்னிடமும் அவள் அந்தக் குரலில்தான் பேசினாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.